ஐ, க்யூ: பேப்பரில் தொடங்கி டாங்கிள் வரை

சாஃப்ட்வேர் ரேடியோ (ரேடியோவின் வேலையைக் கணினி நிரலிடம் விடுவது) பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே ஒரு சொல்லில் கால் இடறுவார்கள்: ஐ-க்யூ சாம்பிள். புத்தியை அளக்கும் ஐ-க்யூவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாம்பிள் என்பது சிக்னலைச் சீரான இடைவெளியில் அளந்து எழுதிய எண். ஐ என்பது இன்-ஃபேஸ். க்யூ என்பது க்வாட்ரேச்சர், அதாவது கால் சுற்று தள்ளியது. ஒரே சிக்னலைக் கால் சுற்று வித்தியாசத்தில் இரண்டு பேர் பார்த்து எழுதிய இரண்டு எண்கள், அவ்வளவுதான். அவற்றை நாமே ஒருமுறை உண்டாக்கிப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். பள்ளியில் படித்த சைன், கொசைன் நினைவிருந்தால் போதும். பேப்பர், பென்சில், எக்செல் போல ஏதாவது ஒரு விரிதாள் எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பாதி தூரத்துக்கு மேல் வந்துவிடலாம்.

ஒரு எண் ஏன் போதாது?

திருவிழாவில் குடை ராட்டினம் சுற்றுகிறது. நல்ல இருட்டு. ஒரே ஒரு குதிரையில் மட்டும் பல்பு எரிகிறது. நீங்கள் தெற்கே, தூரத்தில், ராட்டினத்தின் மட்டத்திலேயே நிற்கிறீர்கள். உங்களுக்குத் தெரிவதெல்லாம் ஒரு வெளிச்சம் இடமிருந்து வலம் போய், வலமிருந்து இடம் வருவதுதான். எவ்வளவு வேகம் என்று சொல்லிவிடுவீர்கள். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று சொல்ல முடியாது.

இப்போது கிழக்கே ஒரு நண்பரை நிறுத்துங்கள். அவருக்கும் அதே ஆட்டம்தான் தெரியும், ஆனால் கால் சுற்று முன்னேயோ பின்னேயோ. வெளிச்சம் முதலில் உங்கள் வலது ஓரத்தைத் தொட்டு, கால் சுற்று கழித்து அவருடைய வலது ஓரத்தைத் தொட்டால், மேலிருந்து பார்க்கும்போது ராட்டினம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அவருக்கு முதலில், அப்புறம் உங்களுக்கு என்றால் வலஞ்சுழி. உங்கள் நோட்டில் இருப்பது ஐ. நண்பர் நோட்டில் இருப்பது க்யூ.

ரேடியோவில் இந்தத் திசைக்கு நேரடியான பொருள் உண்டு. 100 மெகாஹெர்ட்ஸில் ட்யூன் செய்திருக்கிறீர்கள். ஒரு நிலையம் 100.2-ல் இருக்கிறது, இன்னொன்று 99.8-ல். இரண்டுமே உங்களிடமிருந்து 0.2 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருப்பவை. ஒற்றை எண் வரிசையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கலந்துவிடும். ஐ-யும் க்யூ-வும் சேர்ந்திருந்தால் மேலே இருப்பது இடஞ்சுழியாகவும், கீழே இருப்பது வலஞ்சுழியாகவும் சுற்றும், தனித்தனியே பிரித்தெடுக்கலாம். பொறியியல் புத்தகங்களில் வரும் "எதிர்மறை அதிர்வெண்" என்ற பூச்சாண்டி இந்த வலஞ்சுழிதான்.

பேப்பரில் நான்கு எண்கள்

ஒரு சிக்னலை அதன் அதிர்வெண்ணைப் போலச் சரியாக நான்கு மடங்கு வேகத்தில் சாம்பிள் எடுக்கிறோம். ஒரு சுற்றுக்கு நான்கு சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் இடையே 90 டிகிரி. கிடைத்த எண்கள் இவை:

3, −4, −3, 4, 3, −4, −3, 4

இதன் வீச்சு, அதாவது அலையின் உச்ச உயரம், எவ்வளவு? பட்டியலில் பெரிய எண் 4, அதனால் வீச்சும் 4 என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அதே அதிர்வெண்ணில் நம் கைவசம் ஒரு கொசைன் இருக்கிறது. நான்கு மடங்கு வேகத்தில் அதன் சாம்பிள்கள் 1, 0, −1, 0 என்று வரும். அதிலிருந்து கால் சுற்று தள்ளிய சைனுக்கு ஒரு கழித்தல் குறி போட்டால் 0, −1, 0, 1. சிக்னலை முதல் வரிசையால் பெருக்குங்கள்:

3, 0, 3, 0, 3, 0, 3, 0

இரண்டாவது வரிசையால் பெருக்குங்கள்:

0, 4, 0, 4, 0, 4, 0, 4

சராசரி எடுத்தால் 1.5-உம் 2-உம். பாதி இடம் பூச்சியமாகிவிட்டதால் இரண்டால் பெருக்கிக்கொள்கிறோம். ஐ = 3, க்யூ = 4. பிதாகரஸ் சொன்னபடி 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. அதுதான் உண்மையான வீச்சு. சிக்னல் தன் உச்சியைத் தொட்ட நேரத்தில் நாம் சாம்பிள் எடுக்கவே இல்லை; அதனால் 5 என்ற எண் பட்டியலில் எங்கும் இல்லை. இருந்தும் ஐ-யும் க்யூ-வும் அதைக் கண்டுபிடித்துவிட்டன. 4-ஐ 3-ஆல் வகுத்து அதன் டேன் நேர்மாறைப் பார்த்தால் 53.13 டிகிரி: சிக்னல் எந்தக் கட்டத்தில், அதாவது எந்த ஃபேஸில் தொடங்கியது என்பதும் கிடைத்துவிட்டது.

ஐ-க்யூ உண்டாக்கும் வேலையின் சாரம் இங்கேயே முடிந்துவிட்டது. கொசைனால் பெருக்கு, கழித்தல் சைனால் பெருக்கு, இரண்டையும் சராசரி எடு. மீதியெல்லாம் சராசரியை எப்படி ஒழுங்காக எடுப்பது என்பதுதான்.

அந்தக் கழித்தல் குறி ஏன்? பெருக்குவது என்றால் ராட்டினத்தில் நாமும் ஏறிக்கொள்வது என்று அர்த்தம். நம் வேகத்திலேயே சுற்றும் குதிரை நமக்கு அசையாமல் நிற்கும். அதைவிட வேகமானது மெதுவாக முன்னே நகரும், மெதுவானது பின்னே போகும். அதற்குச் சிக்னலின் சுழற்சியிலிருந்து நம் சுழற்சியைக் கழிக்க வேண்டும், கூட்டக் கூடாது. குறியை மறந்தால் முன்னும் பின்னும் மாறிப்போகும். இதில் நானே விழுந்திருக்கிறேன். அந்தக் கதை கடைசியில்.

விரிதாளில் 13,000 ஹெர்ட்ஸ்

இனி கொஞ்சம் நிஜமான வேலை. கணினி ஒலிக்குப் பரிச்சயமான வேகமான வினாடிக்கு 48,000 சாம்பிள் வைத்துக்கொள்வோம். அதில் கால் பங்கு 12,000 ஹெர்ட்ஸ். நாம் ட்யூன் செய்யும் இடம் அது. சிக்னல் 13,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. சரியாகச் செய்தால் விடை +1,000 ஹெர்ட்ஸ் என்று வர வேண்டும்.

முதல் பத்தியில் 0, 1, 2 என்று 200 வரை எண் போடுங்கள். இரண்டாவது பத்தி சிக்னல்: 13,000-ஐ 48,000-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்கினால் 97.5, ஒரு சாம்பிளுக்குச் சிக்னல் 97.5 டிகிரி நகர்கிறது. ஆகவே எண்ணை 97.5-ஆல் பெருக்கி, ரேடியனாக மாற்றி, கொசைன் எடுங்கள். ரேடியனுக்கு மாற்ற மறப்பது விரிதாளில் எல்லோரும் செய்கிற தப்பு. வரைபடம் பைத்தியக்காரத்தனமாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மூன்றாவது பத்தியில் 1, 0, −1, 0 வரிசையால் பெருக்கிய எண். நான்காவதில் 0, −1, 0, 1 வரிசையால் பெருக்கியது. கால் பங்கில் ட்யூன் செய்வதன் அழகு இதுதான்: பெருக்கலே கிடையாது. குறியை மாற்றுவதும் பூச்சியம் போடுவதும்தான். சின்ன மைக்ரோகன்ட்ரோலரில்கூட ஓடும்.

இந்த இரண்டு பத்திகளையும் வரைந்தால் பல்லுப் பல்லாக இருக்கும். பயப்பட வேண்டாம். உள்ளே இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று நமக்கு வேண்டியது: சாம்பிளுக்கு 97.5 − 90 = 7.5 டிகிரி, அதாவது +1,000 ஹெர்ட்ஸ். இன்னொன்று பேய். வெறும் கொசைன் என்பது இரண்டு பக்கமும் சுற்றும் இரண்டு பல்புகளின் கூட்டு. தென்திசையில் நிற்பவருக்குத் திசை தெரியாததன் கணித வடிவம் அது. வலஞ்சுழியாகச் சுற்றும் பல்பிலிருந்தும் 90 கழிந்து, −187.5 டிகிரி, அதாவது 172.5 டிகிரி ஆகிறது. அது 23,000 ஹெர்ட்ஸ். சிக்னலில் பாதி நமக்கு, பாதி பேய்க்கு. இரண்டால் பெருக்கியதன் உண்மையான காரணமும் இதுவே.

பேயை ஓட்டுவதுதான் சராசரியின் வேலை. அதன் முறையான பெயர் லோ-பாஸ் ஃபில்டர். தாழ்ந்த அதிர்வெண்ணை விட்டுவிடும், உயர்ந்ததை மறிக்கும். மிக எளிமையான ஒன்று மூன்று எண்களைக் கொண்டது: முன்னால் உள்ள சாம்பிளில் கால், நடுவில் உள்ளதில் அரை, பின்னால் உள்ளதில் கால். ஐ, க்யூ இரண்டு பத்திகளுக்கும் இதையே போட்டு, விடையை இரண்டால் பெருக்குங்கள். மாறாமல் ஒரே ஃபில்டர் இரண்டுக்கும். ஐ-க்கு ஒன்று, க்யூ-வுக்கு ஒன்று என்று வேறு வேறு போட்டால் கணக்கு போச்சு.

இப்போது ஐ பத்தியை எக்ஸ் அச்சிலும் க்யூ பத்தியை ஒய் அச்சிலும் வைத்து வரையுங்கள். ஏறக்குறைய ஒரு வட்டம் வரும், 48 சாம்பிளுக்கு ஒரு சுற்று, இடஞ்சுழியாக. அப்புறம் சிக்னலை 11,000 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அதாவது 97.5 இருந்த இடத்தில் 82.5. அதே வட்டம், ஆனால் வலஞ்சுழி. எனக்கு இதைப் பார்த்த நாளில்தான் ஐ-க்யூ மேல் நம்பிக்கை வந்தது. அதற்கு முன் படித்த பக்கங்களெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீணுக்குப் பக்கத்தில்தான்.

கடைசி வேலை, தேவைக்கு மேலான சாம்பிளைக் குறைப்பது. பேய் போன பிறகு இரண்டில் ஒரு வரியை நீக்கிவிடலாம். வினாடிக்கு 24,000 ஜோடி மிஞ்சும். முதலில் 48,000 எண்கள் இருந்தன. இப்போதும் 24,000 ஐ, 24,000 க்யூ என்று 48,000 எண்கள்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அரைகுறை ஜோடி

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புத்திசாலிகள்தான் அதிகம் விழுவார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஐ பத்தியில் ஒற்றைப்படை வரிகள் எல்லாம் பூச்சியம், க்யூ பத்தியில் இரட்டைப்படை வரிகள் எல்லாம் பூச்சியம். அப்படியானால் ஃபில்டர் எதற்கு? பூச்சியங்களைத் தூக்கிவிட்டு, 0-வது வரியின் ஐ-யையும் 1-வது வரியின் க்யூ-வையும் ஜோடி சேர்த்துவிடலாமே? ஃபில்டரும் மிச்சம், சாம்பிளும் தானாகப் பாதியாகிவிட்டது!

முந்தைய 3, −4 உதாரணத்தில் இது அப்பழுக்கில்லாமல் வேலை செய்யும், ஏனென்றால் அங்கே சிக்னல் சரியாகக் கால் பங்கில் நின்றது. 13,000 ஹெர்ட்ஸில் செய்யாது. ஐ-யும் க்யூ-வும் ஒரே நொடியில் எடுத்த படங்கள் அல்ல. க்யூ ஒரு சாம்பிள் தாமதமாக எடுக்கப்பட்டது. அதற்குள் ராட்டினம் 7.5 டிகிரி நகர்ந்துவிட்டது. வட்டம் கொஞ்சம் சாய்ந்த முட்டையாகிவிடும். ஸ்பெக்ட்ரத்தில், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்று காட்டும் படத்தில், +1,000 ஹெர்ட்ஸில் உண்மையான கோடு, −1,000 ஹெர்ட்ஸில் அதன் கண்ணாடி பிம்பம். பிம்பம் சுமார் 24 டெசிபெல் தாழ்ந்து இருக்கும், அதாவது உண்மையானதில் பதினைந்தில் ஒரு பங்கு. ட்யூன் செய்த இடத்திலிருந்து 4,000 ஹெர்ட்ஸ் தள்ளிப் போனால் பிழை 30 டிகிரி. அங்கே பிம்பம் 11 டெசிபெல்தான் தாழ்ந்திருக்கும். பக்கத்து நிலையம் பலமானதாக இருந்தால் அதன் பிம்பம் உங்கள் நிலையத்தின் தலையில் ஏறி உட்காரும்.

க்யூ-வை ஐ-யின் நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பக்கமும் உள்ள க்யூ எண்களைக் கூட்டி இரண்டால் வகுங்கள். அவ்வளவுதான். 1,000 ஹெர்ட்ஸில் பிம்பம் 24-லிருந்து 47 டெசிபெல் தாழ்வுக்குப் போய்விடும். கொஞ்சம் கவனித்தால், நாம் மேலே போட்ட கால், அரை, கால் ஃபில்டரும் இதையேதான் செய்கிறது: இரட்டைப்படை வரியில் ஐ அப்படியே வருகிறது, க்யூ-வுக்குப் பக்கத்து இரண்டின் சராசரி வருகிறது. பேயை ஓட்டுவதும், ஜோடியின் நேரத்தைச் சரிசெய்வதும் ஒரே வேலையின் இரண்டு பெயர்கள். 23,000 ஹெர்ட்ஸ் பேயை ஓட்டாமல் சாம்பிளைப் பாதியாக்கினால் அது மடங்கி வந்து உட்காரும் இடம் எது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 23,000 − 24,000 = −1,000.

இன்னும் நல்லது வேண்டுமென்றால் நான்கு க்யூ எண்களை எடுங்கள். பக்கத்தில் உள்ள இரண்டின் கூட்டுத்தொகையை 9/16-ஆல் பெருக்கி, அவற்றுக்கு அடுத்து வெளியே உள்ள இரண்டின் கூட்டுத்தொகையை 1/16-ஆல் பெருக்கிக் கழியுங்கள். 1,000 ஹெர்ட்ஸில் பிம்பம் 85 டெசிபெல் தாழ்ந்துவிடும். 4,000 ஹெர்ட்ஸில் 11 ஆக இருந்தது இரண்டு எண் சராசரியில் 23 ஆகி, நான்கு எண்ணில் 38-ஐ நெருங்கும். எட்டு, பதினாறு என்று நீட்டிக்கொண்டே போகலாம். இப்படி ஒன்றுவிட்டு ஒன்று பூச்சியமாக இருக்கும் ஃபில்டருக்கு ஹாஃப்-பேண்ட் ஃபில்டர் என்று பெயர். டிஜிட்டல் ரிசீவர்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் உறுப்பு.

கால் பங்கில் இல்லாவிட்டால்

எப்போதும் கால் பங்கிலேயே ட்யூன் செய்ய வாய்க்காது. 9,700 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 1, 0, −1, 0 உதவாது. உண்மையான கொசைன், சைன் எண்களால் பெருக்க வேண்டும். ஒரு கோணத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாம்பிளுக்கும் 72.75 டிகிரி கூட்டிக்கொண்டே போங்கள், 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழித்துவிடுங்கள். அந்தக் கோணத்தின் கொசைன் ஐ-க்கு, கழித்தல் சைன் க்யூ-வுக்கு. பிறகு அதே லோ-பாஸ் ஃபில்டர்.

நிரலில் சாம்பிள்கள் தொகுதி தொகுதியாக வரும். ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் கோணத்தைப் பூச்சியமாக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் சீரான இடைவெளியில் "டிக் டிக்" என்று கேட்கும், ஆண்டெனாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஃபில்டரின் பழைய சாம்பிள்களுக்கும் இதே விதி.

ஹில்பர்ட் வழி

சிக்னலை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே ஐ-க்யூவாக்க இன்னொரு வழி உண்டு. மூல சிக்னலையே ஐ என்று வைத்துக்கொண்டு, அதிலுள்ள எல்லா அதிர்வெண்களையும் 90 டிகிரி பின்தள்ளி க்யூ ஆக்குவது. கணித மேதை டேவிட் ஹில்பர்ட் பெயரால் ஹில்பர்ட் மாற்றம் என்பார்கள். இப்படிச் சேர்த்துப் பெறும் சிக்னலை 1946-ல் டென்னிஸ் கேபர் தகவல்தொடர்புக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் ஹோலோகிராஃபிக்காக நோபல் வாங்கியவரும் அவரே.

"90 டிகிரிதானே, கொஞ்சம் தாமதப்படுத்தினால் போச்சு" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 48,000 வேகத்தில் ஒரு சாம்பிள் தாமதம் 12,000 ஹெர்ட்ஸுக்குச் சரியாக 90 டிகிரி. 13,000-க்கு அது 97.5. 6,000-க்கு வெறும் 45. ஒரே தாமதம் எல்லா அதிர்வெண்ணுக்கும் கால் சுற்றாகாது.

ஆகவே ஃபில்டர்தான் வேண்டும். அதன் எண்கள் வேடிக்கையாக இருக்கும்: நடுவில் 0. அதிலிருந்து 1, 3, 5, 7 தூரத்தில் 0.6366, 0.2122, 0.1273, 0.0909. இரட்டைப்படைத் தூரங்களில் எல்லாம் 0. பழைய சாம்பிள்களைக் கூட்டல் குறியோடும், புதிய சாம்பிள்களைக் கழித்தல் குறியோடும் பெருக்க வேண்டும். பொதுச் சூத்திரம் 2-ஐ, பை பெருக்கல் தூரத்தால் வகுப்பது. இது முடிவில்லாமல் போகும் என்பதால் 31 எண்களோடு வெட்டி, வெட்டிய ஓரம் கூர்மையாக இல்லாமல் ஹாமிங் சாளரத்தால் மழுக்கிக்கொள்வோம். இரண்டு எச்சரிக்கை. 31 எண் ஃபில்டர் க்யூ-வை 15 சாம்பிள் தாமதப்படுத்தும். ஐ-யையும் 15 சாம்பிள் தாமதப்படுத்தினால்தான் ஜோடி சேரும். அப்புறம், 0 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலும் 24,000-க்குப் பக்கத்திலும் இந்த ஃபில்டர் கைவிட்டுவிடும். நடு வீட்டில்தான் அது ராஜா.

பைத்தானில் சைபை நூலகத்தில் ஹில்பர்ட் என்ற செயற்கூறு தயாராகவே இருக்கிறது. பெயரைப் பார்த்து அது க்யூ-வை மட்டும் தரும் என்று நம்பிவிடுவார்கள். அது தருவது ஐ-யும் க்யூ-வும் சேர்ந்த சிக்கலெண். மெய்ப்பகுதி உங்கள் மூல சிக்னல், கற்பனைப்பகுதிதான் க்யூ. மொத்தப் பதிவையும் ஒரே மூச்சில் ஃபூரியே மாற்றம் செய்வதால் தொடக்கத்திலும் முடிவிலும் நெளிவுகள் வரும். பதிவு செய்த கோப்புக்கு நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் சிக்னலைத் துண்டு துண்டாக அதில் போடாதீர்கள்.

எந்த வழி நல்லது என்று கேட்டால், ரிசீவருக்குப் பெருக்கி-ஃபில்டர் வழியைத்தான் சொல்வேன். சிக்னலைப் பூச்சியத்துக்கு இறக்கிவிடுகிறது, சாம்பிளும் குறைகிறது. பரந்த பட்டை முழுவதையும் 90 டிகிரி திருப்புவது அனலாக் காலத்தில் இன்னும் பெரிய தொல்லை. 1956-ல் டொனால்ட் வீவர், ஒற்றைப் பக்கப்பட்டை சிக்னலை (நடு அதிர்வெண்ணுக்கு மேலேயோ கீழேயோ உள்ள ஒரு பாதியை மட்டும் அனுப்புவது) உண்டாக்க, இரண்டு முறை பெருக்கி நடுவில் லோ-பாஸ் ஃபில்டர் போட்டு அந்தத் தொல்லையைச் சுற்றிக்கொண்டு போனார்.

டாங்கிளுக்குள்

டிவி பார்க்கச் செய்த யூஎஸ்பி டாங்கிள்கள் பொது ரிசீவராகவும் உதவும் என்பது 2012-ல் பரவலாகத் தெரியவந்தது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று விற்கிறார்கள். ட்யூனர் சிப் ஆர்820டி வகையாக இருந்தால் நிலையத்தை 3.57 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கும். அடுத்த சிப்பான ஆர்டிஎல்2832யூ அதை வினாடிக்கு 2.88 கோடி தடவை, 8 பிட் நுணுக்கத்தில் சாம்பிள் எடுத்து, கொசைனாலும் சைனாலும் பெருக்கி, ஃபில்டர் போட்டு, சாம்பிளைக் குறைத்து அனுப்புகிறது. நாம் விரிதாளில் செய்த அதே வேலைதான், வேகம் மட்டும் 600 மடங்கு.

கணினிக்கு வருவது ஐ, க்யூ, ஐ, க்யூ என்று மாறி மாறி ஒவ்வொரு பைட். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 127.5 கழித்தால்தான் நடு பூச்சியமாகும். கழிக்காவிட்டால் ஸ்பெக்ட்ரத்தின் நட்டநடுவில் ஒரு ஈட்டி குத்திக்கொண்டு நிற்கும். வினாடிக்கு 24 லட்சம் ஜோடி என்று வைத்தால் 48 லட்சம் பைட், ஒரு நிமிடப் பதிவு 288 எம்பி. டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பை நடுவிலிருந்து படிக்கும்போது இரட்டைப்படை பைட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பைட் தப்பினால் ஐ-யும் க்யூ-வும் இடம் மாறி, பட்டை முழுவதும் இடம் வலம் திரும்பிவிடும்.

ஜோடி கையில் வந்த பிறகு வானொலி கேட்பது சுலபம். ஏஎம் என்றால் ஐ வர்க்கம், க்யூ வர்க்கம் கூட்டி வர்க்கமூலம். முதலில் 5 கண்டுபிடித்தோமே, அதே கணக்கு. எஃப்எம் என்றால் ஒவ்வொரு ஜோடியின் கோணத்திலிருந்து முந்தைய ஜோடியின் கோணத்தைக் கழியுங்கள். வித்தியாசம் 180 டிகிரியைத் தாண்டினால் 360 கழித்துக்கொள்ளுங்கள், −180-க்குக் கீழே போனால் 360 கூட்டுங்கள். அந்த வித்தியாசமே பாட்டு. குனு ரேடியோ என்ற மென்பொருளில் இதற்குத் தயார்க் கட்டைகள் இருக்கின்றன. ஆனாலும் ஒருமுறை நீங்களே எழுதிக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

கம்பியும் ஐசியும்

சாலிடரிங் பிடித்தவர்களுக்கு அனலாக் வழி. ட்யூன் செய்யும் அதிர்வெண்ணைப் போல நான்கு மடங்கு க்ளாக், அதை 74ஏசி74 ஐசியில் உள்ள இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்களால் நான்காக வகுத்தால் கால் சுற்று இடைவெளியில் இரண்டு அலைகள் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 28.4 மெகாஹெர்ட்ஸ் க்ளாக். அந்த அலைகள் ஒரு வேகமான ஸ்விட்ச் ஐசியைத் திருப்ப, ஆண்டெனா சிக்னல் நான்கு கெபாசிட்டர்களுக்கு வரிசையாகப் போகும். இதை டெய்லோ டிடெக்டர் என்பார்கள்; டான் டெய்லோ என்ற அமெரிக்க அமெச்சூர் வானொலிக்காரர் 2001-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எதிரெதிர்க் கெபாசிட்டர்களின் வித்தியாசம் ஐ, மற்ற இரண்டின் வித்தியாசம் க்யூ. அவை சவுண்ட் கார்டின் இடது, வலது சேனலுக்குப் போகும். மைக் உள்ளீடு பெரும்பாலும் மோனோ, லைன்-இன் வேண்டும்.

அனலாக்கில் எதுவும் சரியாக 90 டிகிரி இருக்காது, இரண்டு பக்கமும் சரியாக ஒரே வீச்சு இருக்காது. ஒரு டிகிரி பிழைக்கே பிம்பம் 41 டெசிபெலுக்குக் கீழே இறங்காது. ஒரு சதவீத வீச்சு வித்தியாசத்துக்கு 46. மென்பொருளில் சரிசெய்யலாம். முதலில் ஐ, க்யூ இரண்டிலும் அதனதன் சராசரியைக் கழியுங்கள். க்யூ-வின் வர்க்கச் சராசரியை ஐ-யின் வர்க்கச் சராசரியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதனால் க்யூ-வை வகுங்கள், வீச்சு சமமாகிவிட்டது. இப்போது ஐ பெருக்கல் க்யூ-வின் சராசரியை ஐ-யின் வர்க்கச் சராசரியால் வகுத்தால் கட்டப் பிழையின் சைன் கிடைக்கும். க்யூ-விலிருந்து ஐ பெருக்கல் அந்த சைனைக் கழித்து, அதே பிழையின் கொசைனால் வகுங்கள். நல்ல பலமான ஒற்றைத் தொனி ஒன்றை வைத்து இதைச் செய்தால் பிம்பம் கண்ணெதிரே அமுங்குவதைப் பார்க்கலாம்.

மாறிப்போன ஜோடி

நான் முதலில் செய்த டெய்லோ போர்டில் இடது, வலது கம்பிகளை மாற்றி வைத்துவிட்டேன். அது மூன்று வாரம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ஏஎம் நிலையங்கள் சுத்தமாகக் கேட்டன. கேட்கத்தானே செய்யும்? ஐ-யும் க்யூ-வும் இடம் மாறினால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. எஃப்எம் முயன்றிருந்தாலும் தெரிந்திருக்காது. கோண வித்தியாசத்தின் குறி மட்டும் மாறும், ஸ்பீக்கர் வெளியே தள்ளுவதற்குப் பதில் உள்ளே இழுக்கும், காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பட்டைக்குப் போனேன். அங்கே பேச்சு ஒற்றைப் பக்கப்பட்டையில், 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கீழ்ப்பக்கப்பட்டை என்பது வழக்கம். கீழ்ப்பக்கம் வைத்தால் வாத்து கத்துவது போல ஏதோ ஒன்று. க்ளாக்கைச் சந்தேகப்பட்டேன், ஆண்டெனாவை இறக்கி ஏற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன். ஒரு ராத்திரி சலித்துப்போய் மேல்பக்கத்தை அமுக்கினேன். கோவைப் பக்கத்துத் தமிழில் ஒருவர் தன் வீட்டு மாடியில் டைபோல் ஆண்டெனா கட்டிய கதையை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை. அதிர்வெண் தெரிந்த ஒரு சிக்னல் ஜெனரேட்டரையோ, அதிர்வெண் தெரிந்த ஒரு நிலையத்தையோ எடுத்துக்கொண்டு, அதற்கு 5 கிலோஹெர்ட்ஸ் கீழே ட்யூன் செய்யுங்கள். கோடு ஸ்பெக்ட்ரத்தின் வலது பாதியில் வர வேண்டும். இடது பாதியில் வந்தால் கம்பிகளை மாற்றுங்கள். சாலிடரிங் அயர்ன் சூடாக வேண்டாம் என்றால் நிரலில் க்யூ-வுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடுங்கள். நான் இன்றுவரை அந்தக் கம்பிகளை மாற்றவில்லை.